கொழும்பு கிளப் விட்டுவிட்ட அண்ணனை நாங்கள் எடுக்கலாமா?

கேள்வி: அண்ணன், நாங்கள் பொகவந்தலாவைப் பக்கம் தோட்டத்துப் பையன்கள் சேர்ந்து நடத்தும் உதைபந்தாட்ட கிளப். எல்லோருக்கும் 18இலிருந்து 24 வயதுக்குள். போன சீசன் அரையிறுதியில் 1-0 என்று முன்னால் இருந்தோம், கடைசிப் பத்து நிமிடத்தில் இரண்டு கோல் வாங்கித் தோற்றோம். அதே மாதிரி வேறு சில மேட்சிலும் கடைசியில் கோட்டைவிட்டோம். இப்போது எங்கள் ஊர்க்காரர் ஒருவர், 35 வயது, கொழும்பில் பல வருடம் நல்ல கிளப்களில் ஃபோர்வர்டாக ஆடியவர், கிளப் விட்டுவிட்டது என்று ஊருக்கு வந்திருக்கிறார். எங்களோடு ஆடத் தயாராம். மாதம் 30,000 ரூபாய் கேட்கிறார், ஃபோர்வர்டாகத்தான் ஆடுவேன் என்கிறார். கமிட்டியில் பாதிப் பேர் "இப்படி ஒரு ஆள் இனிமேல் கிடைக்குமா" என்கிறார்கள், மீதிப் பேர் "கொழும்பிலேயே வேண்டாம் என்றவர் நமக்கு எதற்கு" என்கிறார்கள். எங்கள் ஃபோர்வர்ட் 19 வயதுத் தம்பி, போன சீசன் எங்களுக்கு அதிக கோல் போட்டவன் அவன்தான். விஷயம் காதில் விழுந்ததிலிருந்து பயிற்சிக்குச் சரியாக வருவதில்லை. என்ன செய்யலாம்? — கிளப் செயலாளர்

பதில்: தம்பி, முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எடுங்கள். ஆனால் ஒரு சீசனுக்கு மட்டும், மாதச் சம்பளம் இல்லாமல், ஃபோர்வர்ட் இடத்துக்கு இல்லாமல். இந்த மூன்றுக்கும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் கையைக் குலுக்கி, தேநீர் கொடுத்து, மரியாதையாக அனுப்பிவிடுங்கள். ஏன் என்று விளக்குகிறேன், கமிட்டியில் வாசித்துக் காட்ட வேண்டியிருந்தால் காட்டுங்கள்.

உங்கள் கமிட்டியில் இரண்டு பக்கமும் பேசுவது பெயரைப் பற்றித்தான். ஒரு பக்கம் பெயரைப் பார்த்து மயங்குகிறது, மறுபக்கம் கிளப் விட்டுவிட்டதே என்று முகம் சுளிக்கிறது. ஒரு கிளப் ஒரு ஆளை விடுவதற்கு ஆட்டம் மட்டும்தான் காரணம் என்று யார் சொன்னது? நம் நாட்டிலேயே 2023 ஜனவரியில் இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்தை ஃபிஃபா இடைநிறுத்தி, ஆகஸ்டில்தான் அந்தத் தடையை எடுத்தது. இப்படியெல்லாம் நடக்கிற ஒரு நாட்டில் கிளப்களுக்கு அனுசரணையாளர் கிடைப்பதும் காசு வருவதும் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். காசு குறைந்தால் முதலில் கழற்றிவிடப்படுவது வயது கூடிய, சம்பளம் கூடிய ஆள்தான். அதனால் விட்டுவிட்டார்கள் என்ற செய்தியை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் முடிவு செய்ய முடியாது. விட்டதற்குக் காரணம் காசா, முழங்காலா, வாயா என்று கண்டுபிடிக்க வேண்டும். காசு என்றால் உங்களுக்கு லாபம். முழங்கால் என்றால் யோசிக்க வேண்டும். வாய் என்றால், அதாவது கோச்சோடு சண்டை, பயிற்சிக்கு வராமல் இருப்பது, டிரெஸ்ஸிங் ரூமில் கூட்டம் சேர்ப்பது, அது என்றால் எடுக்கவே வேண்டாம், 20 வயதுப் பையன்கள் நிறைந்த அணிக்கு அதைவிடப் பெரிய கேடு கிடையாது.

இதை அவரிடம் மட்டும் கேட்டால் போதாது, அவர் நல்ல மனிதராகவே இருந்தாலும் தன் கதையைத் தனக்குச் சாதகமாகத்தான் சொல்வார், எல்லோரும் அப்படித்தான். கடைசி இரண்டு சீசனில் அவரோடு ஆடியவர் ஒருவரையாவது பிடியுங்கள். மலையகத்துப் பையன்கள் கொழும்பில் எத்தனை பேர் வேலை செய்துகொண்டே ஆடுகிறார்கள், ஒரு போனில் விஷயம் வந்துவிடும். எத்தனை மேட்ச் முதல் பதினொன்றில் இறங்கினார், எத்தனை மேட்ச் பெஞ்சில் இருந்தார், இறங்காத மேட்சுக்கெல்லாம் என்ன காரணம், இதைக் கேளுங்கள். நல்ல ஆளா என்று கேட்காதீர்கள், அதற்கு எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள்.

விட்டுவிட்ட ஆள் எப்போதும் முடிந்துபோன ஆள் இல்லை என்பதற்கு உலகத்தில் உதாரணத்துக்குப் பஞ்சமே இல்லை. 2011இல் இத்தாலிய கிளப் ஏசி மிலான் தன் நடுக்கள வீரர் பிர்லோவை விட்டது, அப்போது அவருக்கு 32 வயது, அதற்கு முந்தைய சீசனில் காயத்தால் பாதிக்கும் மேற்பட்ட லீக் மேட்ச் ஆடவில்லை. முப்பதைத் தாண்டியவர்களுக்கு ஒரு வருட ஒப்பந்தம்தான் என்பது அப்போது மிலானின் வழக்கம். இன்னொரு இத்தாலிய கிளப்பான யுவென்டஸ் ஒரு யூரோகூட மாற்றுக் கட்டணம் கொடுக்காமல் அவரை எடுத்தது. அடுத்த சீசனில் லீக்கில் ஒரு மேட்ச்கூடத் தோற்காமல் பட்டம் வாங்கினார்கள், அவர் அங்கே ஆடிய நான்கு வருடமும் இத்தாலிய லீக் பட்டம் யுவென்டஸுக்குத்தான். ஆனால் உங்கள் கமிட்டியில் முதல் பாதிக்காரர்கள் இதைக் கேட்டு உடனே கைதட்டக் கூடாது. பிர்லோ எடுபட்டதற்குக் காரணம் அவர் பெயர் இல்லை. பந்தைப் பின்னாலிருந்து வாங்கி ஆட்டத்தை நடத்துவதற்கு யுவென்டஸுக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது, அவருக்குத் தெரிந்த வேலையும் அதுதான். இடமும் ஆளும் பொருந்தின. நீங்கள் பார்க்க வேண்டியதும் இதைத்தான்.

சரி, உங்கள் அணியில் எந்த இடம் காலி? கடிதத்திலேயே எழுதியிருக்கிறீர்கள், ஆனால் நீங்களே அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. கடைசிப் பத்து நிமிடத்தில் இரண்டு கோல் வாங்கினோம் என்கிறீர்கள், அதே மாதிரி வேறு மேட்சும் போனது என்கிறீர்கள். கோல் போட முடியவில்லை என்று எங்கேயும் எழுதவில்லை. கோல் போடுவதற்கு 19 வயதுத் தம்பி இருக்கிறான். உங்களுக்கு இல்லாதது, 1-0 என்று முன்னால் இருக்கும்போது ஆட்டத்தைச் சூடு தணிக்கிற ஒரு ஆள். இளம் அணிகள் எல்லாமே இப்படித்தான் தோற்கின்றன. எண்பதாவது நிமிடம், ஒரு கோல் முன்னால், பக்கவாட்டில் இருக்கிற டிஃபெண்டர் இன்னும் மேலே ஏறி ஓடிக்கொண்டிருக்கிறான், நடுவில் பந்து கிடைத்தவன் ஒரே உதையாக முன்னால் அடிக்கிறான், அது எதிரணி காலில் விழுந்து திரும்பி வருகிறது, திரும்பவும் அடிக்கிறான், திரும்பவும் வருகிறது, ஐந்தாவது முறை கோல். வெளியில் நின்று கத்துகிற கோச்சின் குரல், அதுவும் மாலை மூடுபனியில், எங்கே கேட்கப் போகிறது? கத்த வேண்டிய ஆள் மைதானத்துக்குள் இருக்க வேண்டும்.

அந்த வேலைக்கு இந்த அண்ணன் பொருத்தமாக இருப்பார் என்றே எனக்குத் தோன்றுகிறது. இரண்டு சென்டர் பேக்குக்கு, அதாவது நடு டிஃபெண்டர்களுக்கு முன்னால், நடுவில், கடைசி 25 அல்லது 30 நிமிடத்துக்கு அவரை இறக்கிப் பாருங்கள். பந்தை வாங்கி உடம்பைக் கொடுத்து மறைத்து ஒரு ஃபவுல் வாங்குவது, முன்னால் அடிக்காமல் பக்கவாட்டில் கொடுப்பது, கோர்னர் மூலைக்குப் பந்தைக் கொண்டுபோய் நேரம் தின்பது, "மேலே போகாதே, நில்" என்று பையனைப் பெயர் சொல்லி நிறுத்துவது, இதெல்லாம் வருடக்கணக்கில் பெரிய மைதானங்களில் ஆடியவர்களுக்குத் தன்னாலேயே வரும். ஃப்ரீ கிக்கும் கோர்னரும் அவரே எடுக்கட்டும், நின்ற பந்தை அடிப்பதற்கு வயது தடையில்லை.

இங்கிலாந்து கிளப் லிவர்பூல் 2000ஆம் ஆண்டு நடுக்கள வீரர் கேரி மெக்அலிஸ்டரை கொவென்ட்ரி கிளப்பிலிருந்து இலவசமாக எடுத்தபோது அவருக்கு 35 வயது, உங்கள் அண்ணனின் அதே வயது. இந்தக் கிழவன் எதற்கு என்று அங்கேயும் கேட்டார்கள். அந்தச் சீசனில் லிவர்பூல் லீக் கப், எஃப்.ஏ. கப், யூஈஎஃப்ஏ கப் மூன்றையும் வாங்கியது. எவர்ட்டனுக்கு எதிராக மேட்ச் முடியும் நேரத்தில் தூரத்திலிருந்து ஃப்ரீ கிக்கில் வெற்றி கோல் போட்டவர் அவர்தான். யூஈஎஃப்ஏ கப் இறுதிப் போட்டியில் அலாவேஸை 5-4 என்று வென்ற அந்தக் கடைசி கோலும், எதிரணி வீரர் தன் வலைக்குள்ளேயே போட்டது, அவர் அடித்த ஃப்ரீ கிக்கிலிருந்துதான் வந்தது. அப்போது அந்த அணியின் நடுவில் 20 வயது ஸ்டீவன் ஜெரார்ட் இருந்தார். அந்த இளம் நடுக்களத்துக்குப் பக்கத்தில்தான் இந்த 35 வயது மனிதரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். 19 வயதுத் தம்பியோடு உங்கள் அண்ணனை எப்படிச் சேர்ப்பது என்பதற்கு இதைவிட நல்ல மாதிரி எனக்குத் தெரியாது.

"நான் ஃபோர்வர்ட்தான்" என்று அவர் பிடிவாதம் பிடிப்பார். பிடிக்கத்தான் செய்வார், வாழ்க்கை முழுக்க கோல் போட்டுக் கைதட்டு வாங்கிய மனிதர். ஆனால் முப்பதைத் தாண்டினால் உடம்பில் எது முதலில் போகிறது என்று பாருங்கள். ஓடுகிற மொத்தத் தூரம் பெரிதாகக் குறைவதில்லை. பாஸ் கொடுப்பதில் சரியாகப் போகிற விகிதம் கூடவும் செய்யலாம். குறைவது ஸ்பிரின்ட், அதாவது டிஃபெண்டருக்குப் பின்னால் வெட்டி ஓடுகிற அந்த முதல் பத்து மீட்டர், அதைத் திரும்பத் திரும்ப ஓடுகிற சக்தி. ஃபோர்வர்டின் பிழைப்பே அதில்தான் இருக்கிறது. நடுவில் நிற்பவருக்கு அது அவ்வளவு தேவையில்லை. இதை அவரிடம் வாயால் சொல்லி ஜெயிக்க முடியாது, வீண் மனஸ்தாபம்தான் மிஞ்சும். ஒரு சோதனை வையுங்கள். 30 மீட்டர் அளந்து, 20 நொடி இடைவெளியில் ஆறு தடவை முழு வேகத்தில் ஓடவிட்டு போனில் நேரம் பிடியுங்கள், அவரை மட்டும் இல்லை, எல்லோரையும். முதல் ஓட்டத்துக்கும் ஆறாவது ஓட்டத்துக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள். 19 வயதுத் தம்பியின் கணக்கையும் தன் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தால் அவருக்கே புரியும். புரியாவிட்டால் அதுவும் ஒரு தகவல்தான்.

இந்தச் சோதனையை அவர் வந்த முதல் வாரத்தில் வைக்காதீர்கள். பல வருடம் கடல் மட்டத்தில் இருந்துவிட்டு வந்திருக்கிறார். இங்கேயே பிறந்தவர்தானே என்பார்கள், பிறந்த ஊர் என்பதற்காக நுரையீரல் சலுகை கொடுக்காது. நுவரெலியா 1868 மீட்டர் உயரம், அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 80 வீதம்தான். உங்கள் பக்கம் அதைவிடக் கொஞ்சம் தாழ்வு, ஆனாலும் முதல் நாட்களில் மேட்டு மைதானத்தில் மூச்சு வாங்கத்தான் செய்யும். இரண்டு மூன்று வாரம் பயிற்சிக்கு வரட்டும், அதற்குப் பிறகு பாருங்கள். முதல் நாள் மூச்சிரைத்ததைப் பார்த்து "பாருங்கள், முடிந்துபோன ஆள்" என்று சொல்வதற்கும் கமிட்டியில் ஆள் இருப்பார்கள், முதல் நாள் ஒரு ஓவர்ஹெட் கிக் அடித்ததைப் பார்த்து உடனே கையெழுத்து வாங்கு என்பதற்கும் இருப்பார்கள். இரண்டு பேரையும் உட்கார வையுங்கள்.

இனி நான் உண்மையிலேயே பயப்படுகிற விஷயத்துக்கு வருகிறேன். லீக் மேட்ச் என்றால் வாரத்துக்கு ஒன்று, சமாளிக்கலாம். ஆனால் நம் பக்கம் உதைபந்து என்றால் பாதி ஞாயிற்றுக்கிழமை டோர்னமென்ட்தானே, எழுவர் அணி, ஒன்பதுபேர் அணி, ஒரு மைதானம், இருபது முப்பது அணி, காலையில் எட்டு மணிக்குப் போனால் மாலையில் இருட்டிய பிறகும் லைட் போட்டு ஃபைனல். ஜெயித்துக்கொண்டே போனால் ஒரே நாளில் நான்கைந்து மேட்ச். நடுவில் இரண்டு மணி நேரம் ஈரப் புல்லில் உட்கார்ந்திருக்க வேண்டும், சோற்றுப் பார்சல் சாப்பிட வேண்டும், உடம்பு ஆறிப்போய்விடும், திடீரென்று மைக்கில் பெயர் கூப்பிடுவார்கள், எழுந்து ஓட வேண்டும். 20 வயதுக் காலுக்கே இது கொடுமை. ஒரு முழு மேட்ச் ஆடிய உடம்பு மீள இரண்டிலிருந்து மூன்று நாள் வேண்டும் என்பது உதைபந்தாட்ட மருத்துவத்தில் சாதாரணமாகச் சொல்லும் கணக்கு, அதில் 35 வயதுக் கெண்டைக்காலையும் பின்தொடையையும் வைத்து யோசியுங்கள். ஸ்பெயின் டிஃபெண்டர் செர்ஜியோ ராமோஸ் ரியல் மாட்ரிட்டை விட்டு 2021இல் பாரிஸ் செயின்ட் ஜெர்மைன் கிளப்புக்குப் போனார், அதே 35 வயது, இலவசம்தான், உலகத்தின் மிகச் சிறந்த மருத்துவர்களும் மசாஜ் காரர்களும் சுற்றி நிற்கிற கிளப். கெண்டைக்கால் காயத்தால் முதல் மேட்ச் ஆட நவம்பர் கடைசியாகிவிட்டது. உங்களிடம் இருப்பது ஒரு ஸ்ப்ரேயும் ஒரு ரோல் பிளாஸ்டரும்.

அதனால் டோர்னமென்ட் நாட்களில் ஒரு விதி வையுங்கள், அவர் முதல் சுற்றுகளில் இறங்கவே வேண்டாம். அரையிறுதிக்கும் இறுதிக்கும், அதிலும் இரண்டாவது பாதிக்கு மட்டும். இதைச் சொன்னால் அவமானம் என்று நினைத்தால் ரோஜர் மில்லாவைப் பற்றிச் சொல்லுங்கள். 1990 உலகக் கிண்ணத்தில் கேமரூனுக்காக 38 வயதில் நான்கு கோல் போட்டார், நான்கும் மாற்று வீரராக இறங்கிப் போட்டவை. மற்றவர்கள் களைத்திருக்கும்போது புதிய காலோடு இறங்குவதில் என்ன அவமானம் இருக்கிறது? எங்கே எத்தனை மாற்று வீரர் இறக்கலாம், வெளியே போனவர் திரும்ப வரலாமா என்பதை டோர்னமென்ட் நடத்துபவர்களிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி வைக்கிறார்கள்.

காயத்தைப் பற்றிக் கேட்கும்போது கூச்சப்படாமல் கேளுங்கள். பின்தொடைத் தசை முன்பு கிழிந்திருக்கிறதா, எத்தனை தடவை, எந்தக் கால்? முன்பு கிழிந்த தசைதான் திரும்பக் கிழியும் என்பதும், வயது கூடினால் அந்த ஆபத்தும் கூடும் என்பதும் நன்றாக நிரூபணமான விஷயம். முழங்காலில் ஒப்பரேஷன் செய்திருந்தால் எப்போது, அதற்குப் பிறகு முழு சீசன் ஆடினாரா? பதில் மழுப்பலாக வந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். சரியாகச் சொன்னால், வாரம் ஒன்றிரண்டு தடவை நோர்டிக் பயிற்சி செய்யச் சொல்லுங்கள், முழங்காலிட்டு, பின்னால் ஒருவர் கணுக்காலைப் பிடித்துக்கொள்ள, உடம்பை நேராக வைத்து மெதுவாக முன்னால் சாய்வது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் இதை ஒழுங்காகச் செய்த அணிகளில் பின்தொடைக் காயம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருக்கிறது. அவர் மட்டும் இல்லை, எல்லோருமே செய்யுங்கள், காசு செலவில்லாத விஷயம். அத்தோடு ஃபிஃபா 11+ வார்ம் அப், இருபது நிமிடம். உங்கள் பக்கக் காலைக் குளிரில் இரண்டு தடவை குதித்துவிட்டு இறங்கினால் 35 வயதுக்கு அது போதாது.

அடுத்து காசு. மாதம் 30,000 ரூபாய் என்பது அவர் பக்கத்திலிருந்து பார்த்தால் பெரிய கேள்வி இல்லை, அவருக்கும் குடும்பம் இருக்கிறது. உங்கள் பக்கத்திலிருந்து பாருங்கள். 2024இல் வர்த்தமானியில் வந்த 1350 ரூபாய் அடிப்படை நாட்சம்பளத்தை வைத்துக் கணக்குப் போட்டால், ஒரு அம்மா ஏறக்குறைய 22 நாள் மலையேறிக் கொழுந்து பறித்தால் வருகிற காசு அது. உங்கள் கிளப்பின் காசு எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும், அந்த அம்மாமாருடைய பிள்ளைகள் கொடுக்கிற சந்தாவும், டவுன் கடைக்காரர்கள் கொடுக்கிறதும், லொத்தர் டிக்கட் விற்றதும்தானே. அதிலிருந்து ஒருவருக்கு மாதச் சம்பளம் போவதும், கிழிந்த பூட்ஸைத் தைத்துப் போட்டுக்கொண்டு மற்றவர்கள் ஆடுவதும் ஒரே டிரெஸ்ஸிங் ரூமில் நடந்தால் மூன்றாவது மாதம் சண்டை வரும். அவர் ஒரு மேட்ச் மோசமாக ஆடினால் போதும், "இதுக்கா முப்பதாயிரம்" என்று மைதானத்து ஓரத்திலிருந்தே ஒருவன் கத்துவான்.

அதனால் மேட்ச் கணக்கில் கொடுங்கள். பயிற்சிக்கும் மேட்சுக்கும் வந்துபோகிற பஸ் காசு, சாப்பாடு, பூட்ஸ் ஒரு ஜோடி, பிளாஸ்டர் மருந்து. பரிசுப் பணம் வந்தால் மற்றவர்களுக்கு எவ்வளவோ அவருக்கும் அவ்வளவு. இதற்குச் சட்டப் பக்கத்திலும் ஒரு நன்மை இருக்கிறது. ஃபிஃபா விதிப்படி எழுத்து ஒப்பந்தம் இருந்து, செலவுக்கு மேல் காசு வாங்குபவர் தொழில்முறை வீரர், மற்றவர்கள் அமெச்சூர், அதாவது தொழிலாக ஆடாதவர்கள். செலவுக்காசோடு நிறுத்திக்கொண்டால் உங்கள் கிளப் இந்தச் சிக்கலுக்குள் போக வேண்டியதில்லை.

அப்போது அவர் பிழைப்புக்கு என்ன செய்வார் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அவர் உண்மையில் உங்களிடம் கேட்பது இன்னொரு சீசன் ஆட்டம் என்று நான் நினைக்கவில்லை, ஆட்டம் முடிந்த பிறகும் உதைபந்தோடேயே இருப்பதற்கு ஒரு வழி கேட்கிறார், அதை வாய்விட்டுச் சொல்ல அவருக்கே தெரியாமல் இருக்கலாம். நம் பக்கம் எத்தனை பாடசாலையில் உதைபந்து அணி இருந்தும் கோச் இல்லை? விளையாட்டு ஆசிரியர் ஒருவரே ஓட்டம், கரப்பந்து, உதைபந்து, உடற்பயிற்சிப் போட்டி எல்லாம் பார்த்துக்கொண்டிருப்பார். சனிக்கிழமை காலையில் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு உங்கள் கிளப் பெயரில் ஒரு வகுப்பு ஆரம்பித்து அவரிடம் கொடுங்கள், முடிந்த பெற்றோர் ஏதாவது கொடுக்கட்டும், அது அவருக்கே போகட்டும். பழைய மாணவர் சங்கம் உள்ள பாடசாலை ஒன்றிரண்டில் பேசிப் பாருங்கள். ஆசிய உதைபந்தாட்டக் கூட்டமைப்பின் பயிற்றுவிப்பாளர் படிகள் டி, சி, பி, ஏ என்று போகின்றன, அடிமட்டப் படிக்கு ஏதாவது பயிற்சி நெறி நடந்தால் அவரை அனுப்பும் செலவைக் கிளப் ஏற்கட்டும். 30,000 ரூபாயை ஆறு மாதம் கொடுப்பதைவிட இது கிளப்புக்கும் குறைந்த செலவு, அவருக்கும் 45 வயதில் கையில் ஒரு தாள் இருக்கும்.

தம்பி விஷயத்துக்கு வருவோம். அந்த 19 வயதுப் பையனிடம் நீங்கள் நேரில் போய்ப் பேசியிருக்கிறீர்களா? இல்லை என்றுதான் நினைக்கிறேன், பேசியிருந்தால் அவன் பயிற்சிக்கு வராமல் இருக்கமாட்டான். தேநீர்க் கடையில் கேள்விப்பட்டிருப்பான், "உன் சீட் போச்சு" என்று எவனாவது சிரித்திருப்பான். கமிட்டி முடிவு எடுப்பதற்கு முன்னாலேயே அவன் லயத்துக்குப் போய், உன் இடம் உனக்குத்தான், அவர் வந்தால் நடுவில்தான் ஆடுவார் என்று சொல்லுங்கள். சொன்ன பிறகு மாற்றாதீர்கள். முதல் மேட்சில் ரசிகர்கள் கத்தினார்கள் என்று அண்ணனை முன்னால் தள்ளிவிட்டால் இரண்டு பேரையும் இழப்பீர்கள். அண்ணனோடு பேசும்போது ஒரு நிபந்தனை சேருங்கள், ஒவ்வொரு பயிற்சி முடிந்ததும் ஒரு கால் மணி நேரம் அந்தத் தம்பியோடு. முதுகுக்குப் பின்னால் டிஃபெண்டர் நிற்கும்போது பந்தை எப்படி வாங்குவது, உடம்பை எங்கே வைப்பது, பெனால்டி பகுதிக்குள் எப்போது நிற்பது எப்போது ஓடுவது, இதெல்லாம் யூடியூபில் பார்த்துக் கற்க முடியாது. அவருக்கு ஃபோர்வர்டாக ஆடத்தான் ஆசை என்றால் இந்தக் கால் மணி நேரத்தில் அந்த ஆசை கொஞ்சம் தணியும்.

கேப்டன் பட்டை கொடுக்க வேண்டாம். அவர் கேட்காவிட்டாலும் கமிட்டியில் யாராவது மரியாதைக்காகக் கொடுக்கலாம் என்பார்கள். இருக்கிற கேப்டனே இருக்கட்டும். மூத்தவர் பேசுவதைப் பையன்கள் எப்படியும் கேட்கத்தான் போகிறார்கள், அதற்குப் பட்டை தேவையில்லை. இன்னொன்று, நோட்டீஸில் அவர் படத்தைப் பெரிதாகப் போட்டு "கொழும்பு நட்சத்திரம்" என்று அச்சடிக்கிற ஆசை உங்களில் சிலருக்கு இருக்கும், எனக்கு நம் ஆட்களைத் தெரியும். அந்த நோட்டீஸ்தான் அவரைத் தொண்ணூறு நிமிடமும் ஆட வைத்து தசையைக் கிழித்துக்கொள்ள வைக்கும்.

பேசப் போகும்போது கமிட்டி முழுவதும் போகாதீர்கள், நீங்களும் கோச்சும் மட்டும் போங்கள். கிளப் விட்ட மனிதர், ஊர் வந்து இரண்டாவது தடவையும் வேண்டாம் என்று கேட்க நேர்ந்தால் அது பத்துப் பேர் முன்னால் நடக்கக் கூடாது. என்ன இடம், எத்தனை நிமிடம், எவ்வளவு காசு, எவ்வளவு காலம் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய் வாசியுங்கள். ஒரு வாரம் யோசிக்கச் சொல்லுங்கள். கோபப்பட்டால் கோபப்படட்டும், ஒரு வாரத்தில் தணிந்து வந்தால் நல்ல ஆள்.

பதிவு விஷயத்தில் அசட்டையாக இருக்காதீர்கள். ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்று அவர் சொல்வதும், அவர் பெயர் பழைய கிளப்பின் பதிவிலிருந்து எடுபட்டுவிட்டது என்பதும் ஒன்று இல்லை. ஒரு வீரர் ஒரு நேரத்தில் ஒரு கிளப்பில் மட்டும்தான் பதிவாகி இருக்க முடியும். பழைய கிளப்பிடமிருந்து விடுவிப்புக் கடிதம் எழுத்தில் வாங்குங்கள், உங்கள் லீக் செயலாளரிடம் காட்டி, பதிவு எந்தத் தேதிக்குள் முடிய வேண்டும் என்று கேட்டு, பதிவான பிறகு மட்டும் மைதானத்தில் இறக்குங்கள். பதிவாகாத ஆளை இறக்கினால் ஜெயித்த மேட்சும் 3-0 என்று எதிரணிக்குப் போய்விடக்கூடும். அவர் கொழும்பில் தொழில்முறை வீரராகப் பதிவாகியிருந்தால் இன்னொரு விதியும் இருக்கிறது, கடைசியாக அப்படி ஆடிய மேட்சிலிருந்து குறைந்தது 30 நாள் கழிந்த பிறகுதான் அமெச்சூராகப் பதிய முடியும். அதனால் அவரைப் பார்க்கப் போகும்போது கடைசி மேட்ச் எந்தத் தேதியில் ஆடினார் என்பதையும் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.